ஒரு சக்கரம் மட்டும் மிஞ்சிய ரயில்



மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டில் தேயிலை அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. 1905 வாக்கில் வந்த தேயிலை உருட்டும் இயந்திரம், 1920களில் கன்னிமலை எஸ்டேட்டுக்கு மின்சாரம் தந்த பெல்டன் சக்கரம், நம் நாசரேத் தொழிற்பள்ளியில் செய்து 1913-ல் நிறுத்திய சூரிய கடிகாரம் என்று பார்க்க அங்கே நிறைய உண்டு. அவற்றுக்கு நடுவே ரயில் இஞ்சின் சக்கரம் ஒன்றும் இருக்கிறது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலின் சக்கரம் அது. போடி மலையின் தலைமாட்டில், மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவே, நீராவி கக்கிக்கொண்டு ஒரு முழு ரயில் ஓடியது. இன்று அருங்காட்சியகத்தில் கைவைத்துத் தொட்டுப் பார்க்க அதில் மிஞ்சியது இந்தச் சக்கரம்.

அந்த ரயிலின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். பழைய இஞ்சின்களையும் இயந்திரங்களையும் ஏன் படம் எடுக்க வேண்டும், எப்படி எடுக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விக்கும் விடை அதற்குள்ளேயே கிடக்கிறது.

மூணாற்றுத் தேயிலை கடலுக்குப் போக வேண்டுமானால் கிழக்கே இறங்கி, போடி வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. 1902-ல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒரு வண்டிப்பாதை வெட்டினார்கள். அந்தப் பாதையின் ஓரமாக ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். இயூயிங் முறை என்று அதற்குப் பெயர். வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி தண்டவாளத்தில் ஓடும் சிறு சக்கரத்தின் மேல் உட்காரும். பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் மண்சாலையில் உருண்டு, வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும். இழுத்தவை மாடுகள். மாடு இழுத்த மோனோரயில்! 1908-ல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டு, சிறிய நீராவி இஞ்சின்களை ஓடவிட்டார்கள். டாப் ஸ்டேஷனில் ரயில் பாதை முடிந்துவிடும். அதற்கப்பால் செங்குத்துச் சரிவு. தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி சுமார் ஐந்து கிலோமீட்டர் கீழே இறங்கி, குரங்கணிப் பக்கம் கொட்டகுடிக்கு வந்து சேரும். அந்த இடத்துக்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்று பெயர். இடையில் 'சென்ட்ரல் ஸ்டேஷன்'. இந்த மலைச்சரிவில் இன்றும் டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்றே குடியிருப்புகளுக்குப் பெயர் வழங்குகிறது. ரயில் போனாலும் ஸ்டேஷன் போகவில்லை.

கொட்டகுடியிலிருந்து போடிக்கு மாட்டுவண்டி, போடியிலிருந்து ரயில், தூத்துக்குடியிலிருந்து கப்பல் என்று இந்தக் கதையைச் சுற்றுலா வழிகாட்டிகள் ஒரே மூச்சில் சொல்வார்கள். ஆண்டுகளை ஒட்டவைத்துப் பார்த்தால் ஓரிடத்தில் இடிக்கும். மதுரை - போடி மீட்டர் கேஜ் பாதை திறந்தது 1928-ல். மலைமேல் ஓடிய குண்டளை ரயிலை 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. கொல்ல ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் இன்றும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று அதைச் சொல்வார்கள். ஆக, மேலே ஓடிய ரயிலும் கீழே வந்த ரயிலும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. மேலே ரயில் ஓடிய பதினாறு ஆண்டும், போடிக்கு வந்த தேயிலைப் பெட்டி வண்டிமாட்டின் முதுகை நம்பித்தான் மேற்கொண்டு கிழக்கே போயிருக்க வேண்டும். இப்படி ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்ப்பதற்கே ஒரு பழக்கம் தேவைப்படுகிறது. படம் எடுக்கிறவருக்கும் அது வேண்டும்.

சரி, அந்த ரயிலின் படங்கள்? விரல்விட்டு எண்ணிவிடலாம். மலைப் பின்னணியில் வண்டி நிற்கும், ஆட்கள் நிற்பார்கள். ரயில் இருந்தது என்பதற்குச் சாட்சி அவை. ஆனால் ஒரு மெக்கானிக் கேட்கக்கூடிய கேள்விகள் வேறு. கம்பிவடத்தில் பெட்டியைப் பிடித்திருந்த கொக்கி எப்படிப்பட்டது? பாரம் இறங்கும் வேகத்தை எந்தப் பிரேக் கட்டுப்படுத்தியது? சென்ட்ரல் ஸ்டேஷனில் பெட்டி ஒரு வடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியதா, நேராகவே போனதா? மாடு மிரண்டு விலகினால் பக்கச் சக்கரம் என்ன ஆகும்? இவற்றுக்குப் பதில் சொல்லும் படத்தைத் தேடிப் போகிறவர் எளிதில் கண்டுபிடித்துவிட மாட்டார். அன்றைக்குக் கேமரா இல்லாமல் இல்லை. கேமரா இருந்தவர்கள் ஆட்களையும் மலையையும் எடுத்தார்கள். இயந்திரம் தினமும் கண்ணெதிரே இருக்கிற சாதாரணப் பொருள். அதை யார் எடுப்பார்கள்?

அதே இயூயிங் முறையில் பஞ்சாபில் ஓடிய ஒற்றைத் தண்டவாளத்தின் கதி வேறுவிதம். பட்டியாலா அரசின் மோனோரயில் 1907 முதல் 1927 வரை ஓடி நின்றுபோனது. அதன் இஞ்சின் துருவேறிக் கிடந்ததை 1962-ல் மைக் சேட்டோ என்ற ரயில் ஆர்வலர் கண்டெடுத்தார். அமிர்தசரஸ் பணிமனையில் அதைப் பழுதுபார்த்தார்கள். இன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் அது நிற்கிறது, ஓட்டிக்கூடக் காட்டியிருக்கிறார்கள். பொருள் பிழைத்தது, அதனால் படம் இல்லாவிட்டாலும் கேள்விக்குப் பதில் கிடைத்தது. போடி மலைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பொருளும் போய் படமும் இல்லாத இடத்தில் கதை மட்டும்தான் மிஞ்சும்.

இன்னொரு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. பெரியாறு அணை 1887-ல் தொடங்கி 1895-ல் திறந்தது. அதன் கட்டுமானத்தில் பங்கேற்ற பொறியாளர் ஏ. டி. மெக்கன்சி அந்த வரலாற்றைத் தனிப் புத்தகமாகவே எழுதினார், 1899-ல் வெளிவந்தது. அரசாங்கப் பணத்தில் நடந்த வேலைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது, ஆகவே எல்லாம் பதிவானது. தேயிலைப் பெட்டியைக் கீழே இறக்குவதற்கு யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதிவு என்பது பொருளின் பெருமையைப் பொறுத்து நடப்பதில்லை என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

இன்றைக்குச் சட்டைப்பையில் கேமரா இல்லாத ஆள் இல்லை. போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள் என்று கணக்கே கிடையாது. கொழுக்குமலைக்கு விடிவதற்கு முன்னால் ஜீப்பில் ஏறிப் போய், மேகத்துக்கு மேலே சூரியன் வருவதை எடுத்துவிட்டு, பசி எடுக்கிற நேரத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். தோட்டம் இருப்பது தமிழ்நாட்டில், போடி வட்டத்தில். ஜீப் ஏறுவதோ கேரளத்தின் சூரியநெல்லியில். ஏழாயிரம் அடிக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் 1930களில் கட்டிய தேயிலை ஃபேக்டரி ஒன்று பழைய இயந்திரங்களோடு இருக்கிறது. பழைய முறைத் தேயிலை, அதாவது இலையை நறுக்காமல் உருட்டிச் சுருட்டுகிற முறை. சூரியன் நாளைக்கும் வரும். அந்த ரோலர் எத்தனை நாளைக்குச் சுற்றும் என்று யாரால் சொல்ல முடியும்?

தேயிலை ரோலரைப் படம் எடுப்பது லேசான வேலை இல்லை. பார்க்க எளிமையான பொருள்தான்: கீழே ஒரு வட்ட மேசை, அதில் பித்தளையோ மரமோ வரிவரியாக ஓடும், மேலே அடியில்லாத பெரிய டப்பா, அதற்குள் வாடிய கொழுந்து. டப்பா தன்னைத்தானே சுற்றுவதில்லை. மாவு பிசையும் கை வட்டம் போடுவதுபோல மேசையின் மேல் வட்டமிடும். இந்த வித்தியாசத்தை நின்ற படம் காட்டாது. உறையவைத்து எடுத்தால் ரோலர் ஒரு அண்டாவாகத்தான் தெரியும். நிமிடத்துக்கு 45 வட்டம் என்று வைத்துக்கொள்வோம். கால் விநாடி ஷட்டரைத் திறந்து வைத்தால் டப்பா வட்டத்தில் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக நகர்ந்திருக்கும். அந்த இழுவை படத்தில் விழும்போது, மேசை அசையாமல் இருப்பதும் டப்பா மட்டும் நகர்வதும் பார்க்கிற கண்ணுக்குப் பிடிபடும். முக்காலி வேண்டும். ஆனால் தளம் மரத்தளமாக இருந்தால் இயந்திரத்தின் அதிர்வு முக்காலிக்கும் ஏறும். அப்போது கேமராவைச் சுவரோரத் தூணில் அழுத்திப் பிடிப்பது மேல்.

பெல்டன் சக்கரத்துக்கு இதற்கு நேர்மாறான பாடம். அருங்காட்சியகத்தில் அது ஓடுவதில்லை, ஆகவே அசைவு பற்றிய கவலை இல்லை. பெரும்பாலோர் பக்கவாட்டில் நின்று, சூரியகாந்திப் பூப்போலத் தெரியும்படி எடுப்பார்கள். அழகாக இருக்கும், வேலை தெரியாது. லெஸ்டர் பெல்டன் 1880-ல் காப்புரிமை பெற்ற நுட்பம் அந்தக் கரண்டிகளுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு கரண்டியின் நடுவிலும் ஒரு மெல்லிய வரப்பு ஓடும். பீறிட்டு வரும் தண்ணீர் அந்த வரப்பில் மோதி இரண்டாகப் பிரிந்து, இரு குழிகளிலும் வளைந்து, வந்த திசைக்கே ஏறக்குறையத் திரும்பும். தண்ணீரின் வேகத்தில் பெரும்பகுதியைச் சக்கரம் பிடுங்கிக்கொள்வது அந்த வரப்பினாலும் குழிகளாலும்தான். ஆகவே கேமரா தண்ணீர் வரும் திசையில் நிற்க வேண்டும். தண்ணீர் எதைப் பார்க்குமோ அதைக் கேமரா பார்க்க வேண்டும். பக்கவாட்டுப் படம் ஒன்று, தண்ணீரின் பார்வையில் ஒன்று, கரண்டியின் தேய்மானத்துக்கு நெருக்கத்தில் ஒன்று என்று மூன்று படம் எடுத்தால், நூறு ஆண்டு கழித்துப் பார்க்கிற ஒருவரால் அந்தச் சக்கரத்தைத் திரும்பச் செய்ய முடியும்.

திரும்பச் செய்ய முடியுமா என்பதுதான் இந்த வகைப் படத்துக்கு வைக்க வேண்டிய சோதனை. அழகு வேண்டாம் என்பதல்ல. அந்தச் சோதனையில் தேறிய படம் பெரும்பாலும் அழகாகவும் இருக்கிறது.

ஜெர்மனியில் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்ற கணவன் மனைவி 1959-லிருந்து சுரங்கக் கோபுரங்கள், தண்ணீர்த் தொட்டிகள், இரும்பு உலைகள் போன்றவற்றையே எடுத்தார்கள். மேகம் மூடிய வானம், நேருக்கு நேர் நிற்கும் பெரிய கேமரா, நிழல் விழாத ஒளி. ஒரே வகைக் கோபுரங்களை ஒன்பது, பன்னிரண்டு என்று கட்டம் கட்டி வைப்பார்கள். அப்படி வைத்தால் ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாடு கண்ணைக் குத்தும். 1990-ல் வெனிஸ் கலைக்காட்சியில் அவர்களுக்குத் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது, சிற்பத்துக்கான விருது! படங்களைப் பார்த்தவர்களுக்கு அவை இரும்புச் சிற்பங்களாகவே தோன்றியிருக்கின்றன. அவர்கள் காத்திருந்து பிடித்த மேகமூட்டம் போடி மலைக்குப் பருவமழை மாதங்களில் தினமும் இலவசமாகக் கிடைக்கிறது. ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோர்களைப் பெக்கர்கள் முறையில் ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில் ஐம்பது எடுத்து வரிசையாக வைத்தால், தகரக்கூரையும் புகைபோக்கியும் ஒவ்வொரு மேட்டிலும் எப்படி மாறுகின்றன என்பது தெரியவரும். ஆனால் பெக்கர்கள் படத்தில் மனிதர்களைச் சேர்க்கவில்லை. இந்த மலைக்கு அது ஒத்துவராது.

ஏன் ஒத்துவராது என்பதற்கு ஏல ஸ்டோரே சாட்சி. ஏலக்காயைக் காயவைக்கும் கட்டடத்தைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். வெளியில் அடுப்பு; விறகு எரியும். சூடான புகை தகரக் குழாய்கள் வழியாக உள்ளே தரையோரம் சுற்றி வந்து, புகைபோக்கியில் வெளியேறும். குழாய்க்கு மேலே அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள், அவற்றில் பச்சைக்காய். புகை காயைத் தொடாது, சூடு மட்டும் தொடும். ஐம்பது டிகிரிக்கு அப்பால் விடாமல், ஒரு பகலும் இரவும் அந்தச் சூட்டைப் பிடித்து வைக்க வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்து ஒரு கிலோவாகும். சூடு ஏறினால் காய் வெடிக்கும், நிறம் வெளுக்கும். குறைந்தால் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். இந்த இயந்திரத்தில் சுற்றுவது எதுவும் இல்லை. சுற்றுவது நெருப்புப் பார்க்கிறவர்தான். நள்ளிரவில் எழுந்து வந்து கதவைத் திறந்து, உள்ளங்கையை நீட்டி, இரண்டு காயை உள்ளே விரலால் உருட்டிப் பார்த்து, ஒரு கட்டை விறகை இழுத்துவிட்டுப் போவார். அந்தக் கையை விட்டுவிட்டு ஸ்டோரை எடுத்தால், அது வெறும் தகரக் குழாய்தான்.

ஸ்டோருக்குள் கேமராவோடு போகிறவருக்கு இரண்டு இடைஞ்சல் உண்டு. மலைக்குளிரிலிருந்து உள்ளே நுழைந்ததும் லென்ஸ் பனித்துவிடும். துடைக்கத் துடைக்க மூடும். கேமராவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, உள்ளே அரைமணி நேரம் வைத்துவிட்டு, சூடு ஏறியபின் வெளியே எடுத்தால் அந்தத் தொல்லை தீரும். மற்றது பச்சை நிறம். குண்டு பல்பின் வெளிச்சத்தில் ஏலக்காய் மஞ்சளடித்துத் தெரியும். போடி ஏல மையத்தில் காய்க்கு விலை சொல்கிறவர்களின் கண் பருமனையும் பச்சையையும்தான் தேடுகிறது. ஏழு மில்லிமீட்டர், எட்டு மில்லிமீட்டர் என்று சல்லடைக் கண்ணை வைத்துத் தரம் பிரிக்கிற ஊரில், நிறம் தப்பிய படம் யாருக்கும் உதவாது. ஒரு படத்தில் காய்க்குப் பக்கத்தில் வெள்ளைக் காகிதத்தை வைத்து எடுத்துக்கொண்டால், பிறகு மற்றப் படங்களின் நிறத்தை அதை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். மின்சாரம், எரிவாயு, பெல்லட் என்று உலர்த்தும் முறை மாறிக்கொண்டே வருகிறது. விறகு ஸ்டோர் இருக்கும்போதே எடுத்தால்தான் உண்டு.

மலையடிவாரத்துக்கு வந்தால் கதாநாயகன் ஆயில் இஞ்சின். கிணற்றடியிலும் ரைஸ் மில்லிலும் செக்கிலும் மின்சாரம் வருவதற்கு முன்னால் ஆட்சி செலுத்தியது அதுதான். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் நிறுவனம் 1930-ஐ ஒட்டி ஒரு டீசல் இஞ்சினைக் கொண்டுவந்தது: இரண்டு பெரிய ஃப்ளைவீல், ஒற்றை சிலிண்டர், நிமிடத்துக்கு 600 சுற்று, 5 குதிரைத்திறன். பின்னர் 650 சுற்றில் 6 குதிரைத்திறன். அதை அப்படியே பார்த்து ராஜ்கோட் பட்டறைகள் செய்து தள்ளின. இஞ்சினைக் கிளப்புவதே ஒரு நாடகம். மேலே உள்ள நெம்புகோலைத் தூக்கிவிட்டு, கைப்பிடியை மாட்டி, மூச்சைப் பிடித்து நாலு சுற்று. சக்கரம் வேகம் பிடித்ததும் நெம்புகோலைத் தட்டிவிட வேண்டும். ஒரு கரும்புகை வளையம், பிறகு டுப் டுப் டுப்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் படம் தானாக அமையும். நிமிடத்துக்கு 600 என்றால் விநாடிக்குப் பத்துச் சுற்று. சக்கரத்தின் குறுக்களவு இரண்டடி என்றால் விளிம்பு விநாடிக்குப் பத்தொன்பது மீட்டர் ஓடுகிறது. ஆயிரத்தில் ஒரு விநாடிக்கு ஷட்டரைத் திறந்தாலும் விளிம்பு இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். முழுக்க உறையாது, ஆனாலும் ஆரங்கள் தெளிவாக நிற்கும். இஞ்சின் ஓடுகிறதா நிற்கிறதா என்றே சொல்ல முடியாது. பத்தில் ஒரு விநாடி என்றால் ஒரு முழுச் சுற்று; ஆரங்கள் கரைந்து ஒரு சாம்பல் வட்டமாகிவிடும். அறுபதில் ஒரு விநாடி என்றால் ஆறில் ஒரு சுற்று. ஆரம் இருப்பதும் தெரியும், அது ஓடுவதும் தெரியும். வெயில் இஞ்சினுக்குப் பின்னாலிருந்து வரும்படி காலை ஏழு மணிக்கு நின்றால் புகையும் தனியாகத் தெரியும். வேட்டி நுனியும் கேமரா வாரும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் போகக்கூடாது. பெல்ட் யாருக்காகவும் காத்திருக்காது. கேமராவுக்குள் பார்க்கிற கண்ணுக்குப் பக்கவாட்டில் வரும் ஆபத்து தெரியாது. கூட ஒருவர் நிற்க வேண்டும்.

பெயர்த்தகட்டை எடுக்காமல் எந்த இயந்திரத்தையும் விட்டு வரக்கூடாது. தயாரித்தவர் பெயர், ஊர், வரிசை எண், சுற்று வேகம் எல்லாம் அந்தச் சிறு தகட்டில் இருக்கும். வார்ப்பில் எழுந்த எழுத்தின் மேல் பெயின்ட் பூசிப் பூசி மழுங்கிப் போயிருக்கும். நேர் ஒளியில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் விழுந்து, மழுங்கியதும் படிக்க வரும். சுரண்டவும் கூடாது, சுண்ணாம்புக் கட்டியைத் தேய்க்கவும் கூடாது. எண்ணெய் பிடித்த பரப்பின் பளபளப்புக்குப் போலரைசர் கண்ணாடி உதவும். ஆனால் எண்ணெயும் பெயின்டும் இல்லாத வெறும் இரும்பின் பளபளப்பை அது வெட்டாது. அங்கே ஒளியின் திசையை மாற்றுவதுதான் வழி. ஏதாவது ஒரு படத்தில் அளவு நாடா தெரிய வேண்டும். இப்போது இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று முக்கால் பங்கு படிகிற மாதிரி இயந்திரத்தைச் சுற்றி நூறு படம் செல்பேசியிலேயே எடுத்துக்கொண்டால், கணினி அவற்றைக் கோத்து முப்பரிமாண உருவம் ஆக்கிவிடும். குண்டளை ரயிலுக்கு அப்படி நூறு படம் இருந்திருந்தால்!

இயந்திரத்தைப் படம் எடுக்கும் முன் அதை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் மார்கரெட் பர்க்-வைட் உருக்கு ஆலைகளை எடுத்துப் பேர் வாங்கியவர். 1946-ல் காந்தியை ராட்டையோடு எடுக்கப் போனார். ராட்டையில் நூற்கத் தெரியுமா என்று காந்தியின் செயலாளர் அவரிடம் கேட்டார். கற்றுக்கொண்ட பிறகே அனுமதி கிடைத்தது. உலகமே பார்த்த அந்தப் படத்தில் முன்னால் பெரிதாக நிற்பது ராட்டை, பின்னால் தரையில் உட்கார்ந்திருப்பது காந்தி. நூற்றுப் பார்த்த கைக்குத்தான் ராட்டைக்கு அத்தனை இடம் கொடுக்கத் தோன்றும். நம் நாட்டில் மித்தர் பேடி பம்பாயிலிருந்து கிளம்பி, ஆலைகளையும் தொழிற்சாலைகளையும் எடுப்பதையே தொழிலாக்கிக்கொண்டவர். இந்தியத் தொழில்துறைப் புகைப்படத்துக்கு முன்னோடி.

நீராவி இஞ்சினை இன்றும் வேலை செய்யும் நிலையில் எடுக்க வேண்டுமானால் நீலகிரிக்குப் போகலாம். மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதையில் ஓடும் எக்ஸ் வகை இஞ்சின்களை சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் 1914-லிருந்து 1952 வரை செய்து அனுப்பியது. பிறகு நம் பொன்மலைப் பணிமனையே புதிதாகச் செய்திருக்கிறது. நான்கு சிலிண்டர். இரண்டு சாதாரணச் சக்கரத்தை ஓட்டும். அவற்றில் வேலை செய்து முடித்த நீராவி மற்ற இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரத்தைத் திருப்பும். பன்னிரண்டடி போனால் ஓரடி ஏறுகிற சரிவில் இந்த இரண்டு ஜோடியும் வெவ்வேறு தாளத்தில் போவதை ஸ்டில் படம் காட்டாது. அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் 1955 முதல் 1960 வரை, நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில் நிறுவனத்தின் கடைசி நீராவி இஞ்சின்களை இரவில் பளிச்சென்று பல்புகள் வெடிக்க எடுத்தபோது, ஒலிப்பதிவுக் கருவியையும் கூடவே தூக்கிப் போனார். அந்த ஒலி இசைத்தட்டாக வந்தது. இஞ்சினின் பாதி உயிர் சத்தத்தில் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. செல்பேசியில் படம் எடுத்து முடித்ததும், அதே இடத்தில் நின்று இரண்டு நிமிடம் ஒலியையும் பதிந்துகொள்ள யாருக்கும் செலவில்லை.

போடியின் மீட்டர் கேஜ் பாதைக்கு வருவோம். 1928-ல் திறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துப் போனார்கள். 1950களில் மறுபடி போட்டார்கள். 2010 இறுதியோடு அகலப்பாதைக்காக மூடினார்கள். 2022 மே மாதம் தேனி வரையும் 2023 ஜூன் 15-ல் போடி வரையும் அகல ரயில் வந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் இடைவெளி. கடைசி மீட்டர் கேஜ் வண்டியைப் படம் எடுத்தவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். வண்டியோடு நின்று எடுத்த படம் அவர்களிடம் இருக்கும். சிக்னல் நெம்புகோலின் பிடி, தண்டவாளத்தில் பொறித்திருந்த ஆண்டு, டிக்கெட் அச்சடிக்கும் பெட்டி, பிளாட்பாரத்து எடைத்தராசு ஆகியவற்றை எடுத்தவர்கள் இருந்தால், அந்தப் படங்களை வெளியே எடுத்து, தேதியும் இடமும் எழுதிவைக்கும் வேலையை இந்த வாரமே தொடங்கலாம். செல்பேசி மாறும்போதெல்லாம் படங்கள் தொலைகின்றன. துருவேறும் இரும்பைவிட விரைவில் அழிவது அவைதான்.

அனுமதி பற்றியும் சொல்ல வேண்டும். பெரியாறு மின்நிலையம் போன்ற இடங்களில் எழுத்தில் அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்கவே கூடாது. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதை காட்டுக்குள் போகிறது. 2018 மார்ச் 11-ல் அந்த மலையில் காட்டுத்தீயில் சிக்கிப் பலர் இறந்ததைத் தேனி மாவட்டம் மறக்காது. வனத்துறையிடம் கேட்காமல், உள்ளூர்க்காரர் துணையில்லாமல், பழைய கம்பிவடத்தின் தடத்தைத் தேடிப் போவது வேண்டாம். தனியார் ஆலையில் கேட்பது சுலபம். முதல் நாள் கேமரா இல்லாமல் போய், "ஐயா, இது எந்த வருஷத்து மிஷினுங்க?" என்று கேட்டால் போதும். இரண்டாம் நாள் அவரே வெளிச்சம் வரும் ஜன்னலைத் திறந்துவிடுவார்.

அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அவர் சம்மதித்தால் படத்தின் பின்னால் அதுவும் இருக்க வேண்டும். 1920-ல் லூயிஸ் ஹைன் எடுத்த மின்நிலைய மெக்கானிக்கின் படம் உலகப் புகழ் பெற்றது. குனிந்த முதுகு, கையில் ஸ்பேனர், சுற்றிலும் இரும்பு வட்டம். அந்த ஆளை எல்லோருக்கும் தெரியும், அவர் பெயரை யாரும் சொல்வதில்லை.

பிரிண்ட் போட்டு, ஒரு பிரதியை அவருக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது அவசரப்பட்டுத் திரும்பிவிடாமல் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் முகத்தைத் தேட மாட்டார், இயந்திரத்தைத்தான் பார்ப்பார். படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, எண்ணெய்க் கறை படிந்த விரலை ஓரிடத்தில் வைத்து, "தம்பி, இந்தப் பக்கம் ஒரு சின்ன வால்வு இருக்கு, அது விழலையே. அதுதானே முக்கியம்" என்பார். பையில் கேமரா இருக்கும். எழுந்து அவர் பின்னாலேயே போக வேண்டியதுதான்.